அக்கா வீட்டு அப்பன் சேவல்

எங்கள் அக்கா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களுடைய பெருமைகளை எழுதித் தரும்படி அக்காவின் மகன் என்னைக் கேட்டான். அக்காவின் பெருமையைக் கேட்டுக் கேட்டே வயிறெரிந்து வளர்ந்த தங்கை நான். என்னிடம் கேட்டால் என்ன வரும் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

அக்கா பிறந்தது இளையரசனேந்தலில். மானாவாரி நிலம், மழையை நம்பிய பிழைப்பு. எனக்கு மூன்று வயது மூத்தவர்கள். நிறம், தலைமுடி, கைப்பக்குவம் எல்லாவற்றையும் அவர்களே எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டதாக நான் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன். அவர்களைச் சங்கரன்கோவிலிலும் என்னைப் புளியங்குடியிலும் கட்டிக்கொடுத்தார்கள். மகன் வேலைக்குப் போன புதிதில் அத்தான் காலமானார்கள். மகன் சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார மனமில்லாத அக்கா, கோழி வளர்ப்பில் இறங்கினார்கள்.

பண்ணையில் முட்டை குறைந்ததும் கழித்துவிடும் சிவப்புப் பெட்டைகளை வாங்கி, ஒரு பெருவிடைச் சேவலோடு சேர்த்தார்கள். நாட்டுக்கோழியிலேயே பெரிய சாதி அது. பண்ணைப் பெட்டைக்கு அடைகாக்கத் தெரியாது என்பதால், முட்டைகளை வேறொரு நாட்டுக்கோழியிடம் அடைக்கு வைத்தார்கள். அந்தக் கலப்புக் குஞ்சுகள் வளர்ந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. பெட்டைகள் ஓயாமல் முட்டையிட்டன. சேவல் கறி நாட்டுக்கோழி ருசியில் சட்டி நிறைய வந்தது. தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்த சொந்தங்கள், என் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அக்கா வீட்டுக் கோழியைப் பற்றிப் பேசினார்கள். என் வீட்டுக்காரரும்கூடத்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா எனக்கும் நான்கு கலப்புப் பெட்டைகள் கொடுத்தார்கள். சேவலை நான் கேட்கவில்லை. ‘அவகிட்ட போயி நான் கேக்கணுமாக்கும்’ என்ற வீம்பு. ஆனால் அடுத்து வந்த ஆடித்தபசுத் திருவிழா அன்று எல்லோரும் கோயிலுக்குப் போனபோது, தலைவலி என்று சொல்லி அக்கா வீட்டில் தங்கினேன். இருந்ததிலேயே அழகான சேவலைப் பிடித்தேன். செக்கச்செவேலென்று நெட்டையாக நின்றது. பக்கத்திலேயே கொண்டை கிழிந்த கிழட்டுச் சேவல் ஒன்று நின்றது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடித்ததைக் கட்டைப்பைக்குள் வைத்துத் துண்டால் மூடி, கூட்டத்தோடு கூட்டமாகப் புளியங்குடி பஸ் ஏறினேன்.

என் வீட்டில் பொரித்த குஞ்சுகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சில கொக்குபோல் கால் நீண்டன, சில புறா அளவிலேயே நின்றுவிட்டன. முட்டையும் சொற்பம். நான் செய்த திருட்டை மறந்துவிட்டு, அக்கா ஏதோ சூட்சுமத்தை மறைக்கிறார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். போக்குவரத்தையும் நிறுத்திக்கொண்டேன்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

“ஏட்டி, கோழியெல்லாம் எப்படி இருக்கு?”

“ஒண்ணும் வெளங்கல யக்கா.”

“எப்படி வெளங்கும்? நீ தூக்கிட்டுப் போனது மகன் சேவல்லா. கூடப்பொறந்த பெட்டைககூடயே அதச் சேத்தா குஞ்சு ஒண்ணொண்ணும் ஒரு தினுசாத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் அப்பன் சேவலும் பண்ணைப் பெட்டையும் சேரணும். கொண்ட கிழிஞ்சு நின்னாம்லா, அவந்தான் அப்பன்.”

“தெரிஞ்சும் ஏன் யக்கா என்னைய ஒரு வார்த்த கேக்கல?”

“நீ கேப்பேன்னுதான் நான் இருந்தேன். கேட்டிருந்தா அவனையே பிடிச்சுத் தந்திருப்பேனே.”

பத்தே நாளில் அக்கா போய்விட்டார்கள். வழியனுப்பத் தெரு கொள்ளாத கூட்டம். அழுதுகொண்டே, என் சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்று எண்ணினேன். இனி இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த மகனின் நண்பர்களுக்கும், கருமாதி விசேஷம் முடியும்வரை கூடவே நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் கோழிகளில் ஒன்றைக்கூட விற்காமல் பார்த்துவரும் மருமகளுக்கும் நன்றி. அந்தக் கிழட்டுச் சேவல் இப்போதும் உன்னிடம்தான் இருக்கிறது, தாயி. சொந்தபந்தம் எல்லோரும் படிக்கும்படியே கேட்கிறேன்: அதை எனக்குத் தருவாயா?