உப்பளத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரை

உப்பளத்தில் எங்களுக்கு எல்லா மயக்கத்துக்கும் ஒரே மருந்துதான். கஞ்சியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் குடிக்க வைப்போம். பங்குனி வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் அதில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் 2005இல் ஒரு வெள்ளைக்காரியைக் கொல்லப் பார்த்தோம்.

அவள் குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்து, சைக்கிளில் மரக்காணம் வரைக்கும் வந்தவள். நாங்கள் உப்பு வாருவதை வரப்பில் நின்று போட்டோ எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே வரப்பில் படுத்திருந்தாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைக்காரர்கள் காசு செலவழித்து வந்து வெயிலில் படுப்பவர்கள் என்பது இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவளுடைய ஒரு கால் ஷூவோடு உப்புத் தண்ணீரில் கிடந்ததுதான் எனக்கு உறுத்தியது. போய்த் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் விழுந்தவர்களின் உடம்பு கொதிக்கும். இவள் உடம்போ சில்லென்று வேர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது.

நாலு பேர் சேர்ந்து கீற்றுக் கொட்டகைக்குத் தூக்கி வந்தோம். அதற்குள் என் நாத்தனார் உப்புக் கஞ்சியைக் கரைத்துவிட்டார். உப்பு வாரும் எங்கள் செட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பத்தாவது வரை படித்த நான் பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் விடமாட்டேன் என்று ஊர் முழுக்கக் கேலி பேசியவரும் அவர்தான்.

அவளைச் சேர்ந்தவர்களுக்குத் தகவல் சொல்லலாமே என்று அவள் இடுப்புப் பையைத் திறந்தேன். பாஸ்போர்ட் ஜெராக்ஸும் ஓர் அட்டையும் இருந்தன. அட்டையில் யாரோ தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சத்தமாகப் படித்தேன்.

"எனக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொள்கிறேன். நான் தள்ளாடினால் குடித்திருப்பதாக நினைக்க வேண்டாம். விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரை கொடுங்கள். பிறகு இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்."

நாத்தனார் நிதானமாகத்தான் கேட்டார். "சக்கர வியாதிக்காரிக்கு சக்கர குடுத்தா என்னாவும்னு ஒனக்குத் தெரியாதா? நாளைக்கு போலீஸ் வந்தா நீதான் பதில் சொல்லணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் அந்த வியாதி உள்ளவர்கள் டீயைக்கூடச் சர்க்கரை போடாமல் குடிக்கிறவர்கள். எனக்கும் பயம்தான். ஆனால் எங்கிருந்தோ கடல் தாண்டி வந்தவள், தன் உயிருக்கு வேண்டியதை நம் பாஷையில் எழுதி வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அங்கே இருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது?

"அவ ஒடம்பு அவளுக்குத்தான் தெரியும், அண்ணி. நான் வர்ற வரைக்கும் கஞ்சி குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஊருக்கெல்லாம் உப்புப் போடுகிற இடத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. ரோட்டோர டீக்கடைக்குப் போவதற்குள் வரப்பில் இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். என் கையும் முந்தானையும் உப்பு நீரில் ஊறியிருந்தன. அதில் வாங்கினால் சர்க்கரையும் கரிக்கும் என்று பொட்டலமாக மடித்துத் தரச் சொன்னேன். அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்து, ஒரு ரூபாய் போனில் அந்த நம்பருக்குப் பேசச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் வைத்தேன். விழுங்கினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு அவள் கண் என் முகத்தில் வந்து நிலைத்தது. கையை நீட்டிப் பொட்டலத்தைத் தானே வாங்கி வாயில் கொட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவளைக் கூட்டிப்போக வேன் வந்தபோது தன் காலால் நடந்துபோய் ஏறினாள்.

அடுத்த வருஷம் நாத்தனாரின் வீட்டுக்காரர் துபாய்க்குக் கிளம்பினார். ஒருநாள் காலையில் நாத்தனார் என் வாசலில் வந்து நின்றார்.

"கோட்டக்குப்பத்துல அரபி எழுதுற பாய் ஒருத்தர் இருக்காராம். எங்க வீட்டுக்காரருக்கு பென்சிலின் ஊசி ஒத்துக்காதுன்னு ஒரு அட்டையில எழுதி வாங்கணும். நீயும் வா. நீ சொன்னாதான் ஒண்ணும் விட்டுப்போவாது."

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக் கொடுத்தார். வழியில் பஜ்ஜி வாங்கினார். தின்று முடித்ததும், எண்ணெய் ஊறிய காகிதத்தை நீவி என் மடியில் வைத்தார்.

"இதுல என்னா போட்டிருக்குது, படி" என்றார்.

பஸ்ஸுக்கே கேட்கும்படி படித்தேன்.