பானெட்டுக்கு அந்தப் பக்கம்

இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே சொல்லியிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஷெட்டில். மெக்கானிக் சகாதேவன் குடிப்பவன் இல்லை, கதை கட்டுபவனும் இல்லை. நம்பாதவர்கள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அவன் தங்கை ரேணுகாவுக்கு நிறைமாதம். சாயங்காலத்துக்குள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அவள் புருஷன் பிரபுவின் பழைய காரில் உப்புக்காற்று அரித்து பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகிவிட்டது. காலையிலேயே சகாதேவன் புதிது மாட்டிவிட்டான். இனி அதற்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. தங்கை போகிற வண்டி என்பதால் ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தான்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பிரபு உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தான். சகாதேவன் முன்னால் குனிந்து, சிலிண்டரின் ஓட்டையை விரலால் திறந்தும் அடைத்தும் காற்றை வெளியேற்றினான். நடுவில் தூக்கி நிறுத்திய பானெட். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

“மிதி.”

புஸ்ஸ்ஸ்...

“புடி... ம், விடு.”

“போதுமா மச்சான்? காலு வலிக்குது.”

“மிதி மாப்ள. உன் பொண்டாட்டிக்குத்தான்.”

1:58. குமிழி குறைந்தது. பிரபுவின் புலம்பலும் நின்றது. ஒரு வழியாக வாயை மூடினானே என்று சகாதேவனுக்கு நிம்மதி.

2:04. “மிதி” என்று சொல்ல வாயெடுத்தான். சொல்வதற்குள் பெடல் இறங்கியது.

விரலில் பிரேக் ஆயில் வழிந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் ஆயில் ஐஸ் மாதிரி இருந்தது.

“மாப்ள?”



க்ரீச்... இறங்கியது. நின்றது. ஏறியது.

சகாதேவன் “மிதி” என்று சொல்லவே இல்லை.

2:09.

“மச்சான், டீ.”

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கையில் இரண்டு கிளாசோடு பிரபு.

“நீ... எப்போ எறங்குன?”

“ரேணுகா போன் பண்ணா. பத்து நிமிஷம் ஆச்சு. சொல்லிட்டுத்தான போனேன்?”

க்ரீச்...

சகாதேவன் எட்டிப் பார்த்தான்.

சீட் காலி.

பெடல் தரையோடு அமுங்கி இருந்தது. பார்க்கப் பார்க்க... மெல்ல ஏறியது.

பிரபு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சகாதேவன் கழற்றி வைத்த பிரேக் பைப்பை மாட்டி, உப்பளத்து ரோட்டில் தானே ஓட்டிப் பார்த்தான். ஐந்து முறை பிரேக் பிடித்தான்; ஐந்து முறையும் மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது. வெயில் மூளையைக் குழப்பிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

3:15. வீட்டு வாசலில் பிரபு ஓட்ட உட்கார்ந்தான்; ரேணுகா பின் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

“என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்று சிரித்தாள்.

வேறு வண்டி பிடிக்கலாம் என்று சொல்லத் துடித்தான். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி பிரசவத்துக்குக் கிளம்பிவிட்டால் எங்கள் பக்கம் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பின்னாலிருந்து பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அவன் நாக்கைக் கட்டிப்போட்டது.

3:41. கூனிமேடு தாண்டி, முன்னால் எதுவுமே இல்லாத ரோட்டில் கார் சட்டென்று நின்றது. பின்னால் உப்பு லாரி வந்துகொண்டிருந்தது.

ரேணுகா போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

காரைச் சோதித்த அதிகாரி பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். துளிக் காற்றுகூட இல்லையாம்.

மூன்றாம் நாள் பிரபு கண் விழித்தான். சகாதேவன் அழுதுகொண்டே அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“ஏன் மாப்ள நடுரோட்டுல மிதிச்ச?”

“நான் மிதிக்கல மச்சான். தானா எறங்குச்சு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே வர்றான்... குனிஞ்சு கையால பெடல தூக்கப் பாத்தேன்.”

“அப்புறம்?”

பிரபு வலது கையைப் போர்வையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“பெடல் கையில சிக்கல மச்சான்... அதுமேல ஒரு காலு இருந்துச்சு.”