மாதாவை அனுப்பாத நாள்

செபம் செய்தால் மனம் ஆறும் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. எனக்குப் பலம் தந்த செபத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அது வைகாசி, மாதாவின் வணக்க மாதம். எங்கள் கடற்கரையில் அந்த மாதம் முழுவதும் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒழுங்கைச் சனம் வந்து, பாட்டுப் பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். மாதா வந்து சேருகிற நாளில் அந்த வீட்டுப் படகு கடலில் இறங்காது. மறுநாள் இறங்கலாம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் மீறினவர்களை நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு மாதா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு இவர், என் புருசன், வீட்டில் நின்றார். திங்கள் விடியப்புறம் கடலுக்குப் போனார், அதுவும் தனியாக. கூடத் தொழில் செய்கிறவருக்குக் காய்ச்சல். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். போன கிழமையே இஞ்சின் இருமிக்கொண்டு கிடந்தது எனக்குத் தெரியும். தனியப் போகவேண்டாம் என்று படலை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனேன். எனக்கும் சேர்த்துப் பயப்பட நீ இருக்கிறாய்தானே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்குக் கரைக்கு வருகிற ஆள். பதினொன்றாகியும் இல்லை. அவருடைய போன் வேலை செய்யவில்லை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு இழுத்து அடித்தது. கொக்கிளாய்ப் பக்கத்து மீன்பிடிகாரருக்கும் போன் எடுத்துக் கேட்டேன், ஒருவரும் காணவில்லை.

ஒரு மணிக்கு மீனவர் சங்கத்துக்குப் போனேன். கதிரையில் இருந்த இரண்டு பேர், சொல்ல வேண்டிய இடத்துக்குச் சொல்லியாச்சு, தேடுவார்கள் என்றார்கள். எங்கள் ஆட்கள் போகமாட்டார்களா என்று கேட்டேன். இந்தக் காற்றுக்கு அவ்வளவு தூரம் போய்வரக்கூடிய இஞ்சின் கரையில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் செயலாளருடையது, இன்றைக்கு அவர் வீட்டுக்கு மாதா போகிற நாள், படகு இறக்கமாட்டார் என்றார்கள். செயலாளர் வேறு யாருமில்லை, இவருடைய அக்காவின் புருசன். எங்களுக்கு அடுத்த வீடு.

"வேண்டிக்கொள்ளுங்கோ. மாதா பாத்துக்கொள்ளுவா."

அதைச் சொல்லிவிட்டு ஒருவர் தேத்தண்ணீரை எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் வாயில் ஒரு சொல் வரவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பைல் வைத்திருக்கிற ஆட்களின் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. திரும்பி வந்தேன்.

வீட்டுக்குள் மாதா மெழுகுதிரி வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு நின்றா. அந்தச் சிரிப்பும் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. ஆனாலும் முழங்காலில் இருந்தேன், வேறு எங்கே போவது? திங்கட்கிழமை செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்கள் சொல்லுகிற நாள். நல்ல சந்தோஷம் என்று திட்டித் திட்டியே மணிகளை உருட்டினேன். ஐந்தாவது இரகசியத்துக்கு வந்தேன். காணாமற்போன பாலன் இயேசுவைத் தேடிக் கண்டுபிடித்தது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தரம் சொன்ன வரி. அன்றைக்கு நாக்கு அதிலே நின்றுவிட்டது.

"உங்கட பிள்ளையைக் காணேல்ல எண்ட உடன நீங்கள் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு இருந்தனீங்களோ? வந்த வழியெல்லாம் திரும்பிப் போய்த் தேடினனீங்கள்தானே. அப்ப என்னை மட்டும் ஏன் இருக்கச் சொல்லுறீங்கள்?"

மாதாவோடு அப்படி நான் கதைத்ததே இல்லை. கதைத்து முடிய எழும்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்திருந்தது. வாசல் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன்.

ஐந்துக்கு முன்னமே சனம் வந்துவிட்டது. முன்னுக்கு மச்சாள், இவருடைய அக்கா, சுரூபத்தின் காலுக்கு விரிக்கிற வெள்ளைத் துணியோடு. நான் யன்னலடியில் நின்றேன்.

"கதவைத் திறவும். சனம் காத்துக்கொண்டு நிக்குது."

"நான் தரமாட்டன்."

"உமக்கென்ன விசரோ? கடலில நிக்கிறவன் என்ர தம்பி. எனக்கு மட்டும் நெஞ்சு பதறேல்லையோ? செபம் சொல்லுவம் எண்டுதானே வாறம்."

"செபத்தை நான் சொல்லுறன். போட்டை நீங்கள் இறக்குங்கோ."

மாதாவைப் பிடித்துப் பூட்டி மறியலில் போட்டுவிட்டாள் என்று பின்னால் ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செயலாளர் யன்னலுக்குக் கிட்ட வந்தார். நல்ல மனுசன்தான். வழமையை மீறி ஏதும் நடந்தால் என்ற பயம் அவருக்கு.

"தங்கச்சி, இண்டைக்கு எங்கட வீட்டு நாள். போட் இறக்கக் கூடாதெண்டு உமக்கே தெரியும்."

"இண்டைக்கு உங்கட வீட்டு நாள் இல்லை அண்ணா. மாதா இண்டைக்கு அங்க வரமாட்டா, இஞ்சதான் நிப்பா. அப்ப உங்கட போட்டுக்கு என்ன தடை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, மச்சாளைப் பார்த்தார். மச்சாள் அந்த வெள்ளைத் துணியைச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு புருசனிடம் சொன்னா.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போங்கோவன்."

பொழுதுபட முன்னம் செயலாளரின் படகில் மூன்று பேர் போனார்கள். அந்த இரவைப் பற்றி நான் எழுதமாட்டேன். காலை எட்டு மணிக்கு ஒரு படகு இன்னொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இவர் உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினார். தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, கரையில் நின்ற அத்தனை சனத்துக்கு முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அன்று பின்னேரம் சுரூபத்தை நானே தூக்கிக்கொண்டு போய் மச்சாளிடம் கொடுத்தேன். அவா மாதாவின் காலில் சிந்தியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தா. "ஒருநாள் பிந்தினது பிந்தினதுதான்" என்றா. கண் கலங்கியிருந்தது, குரல் இளகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இவர் உயிரோடு வந்தது மாதாவின் புதுமை, அற்புதம் என்று நன்றி சொன்னார்கள். என் கோபம் திரும்பவும் ஏறியது. காற்று அன்று முழுக்க அடித்தது, ஒருவரும் அதை அடக்கவில்லை. மூன்று பேர் அந்தக் காற்றுக்குள் போனார்கள். மாதா செய்த புதுமை எது என்று எனக்குத் தெரியும். சங்கத்தில் எழும்பாத நாக்கை யன்னலடியில் எழும்ப வைத்தா. அதைக் கோயிலில் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் பிந்தியதால் அந்த வருடம் பட்டியலில் கடைசியாக இருந்த வீட்டுக்கு மாதா போகவில்லை, மாதம் முடிந்துவிட்டது. அந்த வீட்டுக்காரி இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. கிணற்றடியில் கண்டால் முகத்தைத் திருப்புவாள். அவளுக்காகவும் தினம் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுகிறேன். அதையும் கோபத்தோடுதான்.