பாலசுந்தரம் அத்தானின் அழகான அம்புகள்

எங்கள் அக்கா சிவமலரைக் கட்டியவர் பாலசுந்தரம். கோலாலம்பூர் ப்ரிக்பீல்ட்ஸில் குடியிருந்து, அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். மலாயாவுக்கு வந்து குடியேறிய எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அரசாங்க உத்தியோகம் மட்டும் போதாது. பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர் வேண்டும். மருந்து எழுதுகிற டாக்டராக முடியாதவர்கள் ஆராய்ச்சி டாக்டராவார்கள். அத்தான் எண்பதுகளில் அதற்குப் பதிவு செய்துகொண்டவர், தொண்ணூறுகள் பிறந்த பிறகும் பதிவு செய்துகொண்டவராகவே இருந்தார்.

அவருடைய கணக்கில் எண்ணே கிடையாது. நாலு மூலையில் நாலு எழுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு. எந்த அம்பு வழியாகப் போனாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். ப்ரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் கந்தசாமி கோயில் வந்துவிடுவதுபோல. இதை நிரூபிக்க இத்தனை வருஷம் ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் விளக்குவார்.

மற்றவர்கள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, அம்புகளைப் பேனாவால் போட்டுக் கொடுத்துவிட்டு டாக்டரானார்கள். அத்தானுக்கு அது கேவலம். லேடெக் என்ற கணினி நிரலைப் பிடித்துக்கொண்டார். அதில் படம் வரைய முடியாது. அம்பு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று கட்டளை எழுதினால், அச்சில் அம்பாக வரும். வந்த அம்பு அவருக்குப் பிடிக்காது. தலை சிறுத்துப்போச்சு என்பார். வால் எழுத்தில் முட்டுகிறது என்பார். மறுபடியும் கட்டளை, மறுபடியும் அச்சு.

ஒருநாள் இரண்டு தாளை நீட்டி எது நல்லது என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தான்?"

"கண்ணைத் தொறந்து பாருலா. இதுல அம்பு மூச்சு விடுது."

எனக்கு மூச்சு முட்டியது. அக்கா சமையலறையிலிருந்து சொன்னாள்: "அவரு கல்யாண போட்டோவைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை."

பல்கலைக்கழகம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணை கொடுத்தது. இந்த முறை தேறாவிட்டால் பதிவு ரத்து. அக்காவோ செராஸிலிருந்து கிள்ளான் வரை இருக்கும் சொந்தமெல்லாம் கேட்க, அடுத்த தைப்பூசத்துக்கு அவர் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தாள். சொந்தமும் சும்மா இருக்குமா? பார்க்கும் இடத்திலெல்லாம் விசாரித்தது.

ஒருவழியாக எழுதி முடித்துக் கொடுத்தார். நேர்முகத் தேர்வுக்கு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவர் முதலில் கேட்டது, இவ்வளவு அழகான அம்புகளை எதில் போட்டீர்கள் என்று. அத்தான் மகிழ்ந்துபோய் நிறுத்தாமல் விளக்கினாராம். அதன் பிறகு அந்த மனிதர் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இந்த அம்பு ஏன் இந்தப் பக்கம் போகிறது?"

அத்தான் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார். அம்பு அப்படிப் போவதற்குக் காரணம் கணக்கில் இல்லையே. முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்த தாளில் அந்த அம்பு வலமிருந்து இடமாகத்தான் இருந்தது. மற்ற அம்பெல்லாம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் போகும்போது இது ஒன்று மட்டும் எதிரே வந்து கண்ணை உறுத்தியிருக்கிறது. அப்போதைக்கு என்று கட்டளையில் ஒரு குறியை மாற்றித் திருப்பிவிட்டார். அச்சில் அம்சமாக வந்துவிட்டது. வந்ததும் பென்சில் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, அச்சுத் தாளைப் பார்த்தே மேற்கொண்டு நிரூபித்துக்கொண்டு போயிருக்கிறார். படித்த மனிதர், அச்சில் வந்ததைச் சந்தேகப்படவில்லை.

பதிவு ரத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தார். எட்டு வருஷமாக அவரைக் கிண்டல் செய்தே பழகிய எனக்கு அன்றைக்குப் பாவமாக இருந்தது.

"அம்பைத் திருப்பிட்டா சரியாயிடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"திருப்பிடலாம். அதுக்கப்புறம் இருக்கிற மூணு அத்தியாயமும் பொய்யாப் போயிடும்."

சொல்லிக்கொண்டே திருப்பினார். அச்சுப்பொறி கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. அம்பு இப்போது இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தாளைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். பிறகு அக்காவிடம் கொடுத்தார்.

"இப்படியே விட்டிருந்தாலும் அழகாத்தான் இருந்திருக்கும், சிவமலர்."