நாள் தள்ளிப் போயிருக்கு

கழுத்தோரக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது சீட் பெல்ட்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை டிரைவிங் ஸ்கூல் காரில், ஓட்டப் பழகுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிறவளுக்கு, அது ஒரே இடத்தில் உரசுவது தெரியாமல் போகுமா? கர்ச்சீப்பை மடித்து வைத்துப் பார்த்தாள். பெல்ட்டை மாற்றச் சொல்லி முதலாளியிடம் சண்டை போட்டாள். பெல்ட் மாறியது, கட்டி மாறவில்லை.

பழக வருகிறவர்கள் அவளை 'பிரேக் அக்கா' என்பார்கள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் லேசில் மிதிக்க மாட்டாள். எதிரே லாரியே வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்கதானே ஓட்டுறீங்க? நீங்களே முடிவு பண்ணுங்க" என்பாள். ஐம்பது தாண்டிய ஆடிட்டர் ஒருவர் இந்தப் பேச்சுக்குப் பயந்தே சீக்கிரம் லைசென்ஸ் வாங்கிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

முப்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேலயும் கீழயும் போறவன், நீ முன்னாடியும் பின்னாடியும் போறவ. நாம எங்க சந்திக்கிறது?" என்று அரைத்த மாவையே அரைத்துச் சிரிக்கிற மனிதர். நல்லவர். பொய் சொல்ல வராது. அதைவிட மோசம், உண்மையையும் ஒழுங்காகச் சொல்ல வராது. இந்தக் குறை பின்னால் எப்படி வேலை வைத்தது என்பதற்கு வருகிறேன்.

கட்டியைச் சோதித்து ரிசல்ட் வந்ததும் ரத்த நோய் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நிணநீர்ப் புற்றுநோய். ரத்தப் புற்றுநோய்லயே ஒரு வகை. பயப்படாதீங்க, இதைக் குணப்படுத்த முடியும். திங்கக்கிழமை மருந்து ஏத்த ஆரம்பிச்சிடலாம்."

வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் ஆட்டவில்லை.

"டாக்டர், இந்த மருந்துக்கு அப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா?"

"முதல்ல உயிர் பொழைக்கணும்மா."

"பொழைச்சதுக்கு அப்புறம்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விடவில்லை. "பொழைச்சிடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க. அதை நம்பித்தான் கேக்குறேன்."

நியாயமான மனிதர்தான், கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் மறந்துவிடுவார். உள்ளதைச் சொன்னார். வேகமாக வளரும் செல்லை எல்லாம் அடிக்கிற மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. கருமுட்டை இருக்கிற சூலகத்திலும் கை வைக்கும். சிலருக்குப் பிறகு சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. அவளுக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருந்துக்கு முன்பே கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்க வழி இருக்கிறது. அதற்கு முட்டை வளர தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

"அதெல்லாம் வேணாம் டாக்டர், நாளைக்கே ஆரம்பிங்க" என்றார் வீட்டுக்காரர். கிளட்சைப் படக்கென்று விட்டுக் காரை நிறுத்துகிறவனைப் பார்ப்பதுபோல அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி விளக்கு முன்னால் பிடித்தார். "சில ரத்தப் புற்றுநோய்ல ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. உங்க கட்டி மூச்சுக்குழாயை அழுத்தல, அதனால ரெண்டு வாரம் தர்றேன். மூச்சு வாங்கினா, காய்ச்சல் வந்தா, அன்னைக்கே மருந்து. அப்போ என்கிட்ட வாதாடக் கூடாது."

"வாதாட மாட்டேன்" என்றாள்.

வெளியே வந்து லிஃப்டுக்கு நிற்கும்போது வீட்டுக்காரருடைய அம்மாவிடமிருந்து போன். அவர் வேறு ஊரில் மூத்த மகளோடு இருக்கிறார். விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியிலயா இருக்கே? யாருக்குடா என்ன?"

"அவளுக்குத்தாம்மா... ஒண்ணும் இல்ல... நாள் தள்ளிப் போயிருக்கு."

மருந்து ஏற்றும் நாளைத்தான் சொன்னார் அந்த மகானுபாவர். கல்யாணமாகி இரண்டு வருஷமான மருமகளைப் பற்றி ஒரு மாமியாரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. அதற்குள் லிஃப்ட் வந்தது, கதவு மூடியது, சிக்னல் போனது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரி செய்கிறவருக்கு லிஃப்டே வில்லனாகிவிட்டது. வெளியே வந்த பிறகும் திருத்திச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமியார் வாசலில் நின்றார். கையில் பெரிய பை. அதற்குள் துவைத்து மெத்தென்று மடித்த பழைய பருத்தித் துணிகள், பிறக்கப் போகிற பிள்ளைக்கு. மருமகள் கன்னத்தை வழித்து, "ஏம்மா இப்படி இளைச்சிருக்கே, மசக்கையா?" என்றார். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர் ஊசி மருந்துப் பெட்டியைப் பார்த்து, "சத்து ஊசியா? இப்பவே போடுவாங்களா?" என்று பூரித்தார். வீட்டுக்காரர் குளியலறைக்குள் போனவர்தான், வெளியே வரவே இல்லை.

அவளே சொன்னாள். "அத்தை, உக்காருங்க. தள்ளிப் போனது அந்த நாள் இல்ல."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாமியார் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது.

"எனக்குப் பேரனும் வேணாம், பேத்தியும் வேணாம். நாளைக்கே மருந்தை ஏத்தச் சொல்லு. எனக்காக நீ உயிரைப் பணயம் வைக்காதே."

"உங்களுக்காக இல்ல அத்தை."

"அப்ப அவனுக்காகவா? அவனை நான் பாத்துக்கிறேன்."

"அவருக்காகவும் இல்ல. எனக்காக. பிள்ளை பெத்தே ஆகணும்னு நான் சொல்லல. ஆனா வேணுமா வேணாமான்னு நான்தான் சொல்லணும். ஒரு பாட்டில் மருந்து சொல்லக் கூடாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று. இத்தனை நாள் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்லி வந்ததெல்லாம், அப்புறம் என்று ஒன்று எப்போதும் இருக்கும் என்கிற நினைப்பில்தான். அழவில்லை, ஊசி போடுகிற நேரமாகிவிட்டது.

முதல் ஊசியை வீட்டுக்காரர் போடுவதாக ஏற்பாடு. பத்தாவது மாடிக் கம்பியில் தொங்கி வேலை செய்கிற கை, பெண்டாட்டி வயிற்றுக்குப் பக்கத்தில் போகவே மறுத்தது. "குடுங்க இப்படி" என்று வாங்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளி அவளே குத்திக்கொண்டாள். அதன் பிறகு தினமும் அவளேதான்.

மாமியார் ஊருக்குத் திரும்பவில்லை. வேணாம் வேணாம் என்றவர், இப்போது ஊசி நேரத்துக்குக் கடிகாரத்தை மிஞ்சினார். "ஊசி போட்டியாம்மா?" என்று மாடியிலிருந்து அவர் குரல் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். மருமகள் கொஞ்சம் இருமினால் போதும், "மூச்சு வாங்குதா? எங்க, பேசிக் காட்டு" என்று பரீட்சை வைப்பார். "நல்லா மூச்சு விடுறேன் அத்தை, உங்களுக்கும் சேத்து" என்றால், "திமிர் குறையல, அப்ப நல்லாத்தான் இருக்கே" என்று போவார்.

வயிறு உப்பியது. வேலைக்கும் லீவு போட்டாயிற்று. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன். கருத்தரிப்பு டாக்டரம்மா திரையைப் பார்ப்பார்; அவள் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகம் ஒரு நாளும் முழுசாக மலரவில்லை. இரவில் தலையணை வியர்வையில் நனைந்தது. கழுத்துக் கட்டி கொஞ்சம் பெருத்திருந்தது. ரத்த டாக்டர் அமுக்கிப் பார்த்து, "இன்னும் காத்திருக்கலாம். ஆனா முட்டை எடுத்ததும் என்கிட்ட வந்துடணும்" என்றார்.

முட்டை எடுக்கிற நாளும் வந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது மாமியார் காலடியில், வீட்டுக்காரர் தலைமாட்டில். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து சொல்ல வருகிறவர்கள் நல்ல செய்தி கொண்டு வருவதில்லை என்பது அவளுக்கு இந்த நாட்களில் பழகியிருந்தது.

"அஞ்சு கிடைச்சிருக்கும்மா. பத்துக்கு மேல எதிர்பார்த்தேன். உறைய வெச்சுட்டோம். இதுல ஒரு குழந்தையாவது உண்டாகும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. வாய்ப்பு இருக்கு, அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை எடுக்க முடியாதா?" முந்திக்கொண்டு கேட்டது மாமியார்தான்.

"எடுக்கலாம். மறுபடியும் ரெண்டு வாரம் ஆகும். ரத்த டாக்டர் சம்மதிக்கணும். கேட்டுப் பாருங்க. ஆனா தள்ளிப் போடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா போனதும் மாமியார் கட்டிலோரம் வந்தார். "நீ கேளும்மா. முதல் தடவை நாள் வாங்கினவ நீதானே? நீ கேட்டா தருவாரு. நீதான் தெம்பா இருக்கியே, மூச்சுகூட வாங்கல. ரெண்டே வாரம்." வீட்டுக்காரர் கண்ணிலும் அதே கேள்விதான் இருந்தது.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய். அத்தனை ஊசிக்கும் ஐந்துதானா? இரண்டு வாரம் கேட்டு வாங்கத் தெரிந்தவளுக்கு இன்னும் இரண்டு வாரம் கேட்கத் தெரியாதா? கை தானாகக் கழுத்துக்குப் போய்க் கட்டியைத் தொட்டது. கண்ணீர் காதோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே பேசினாள்.

"வேணாம் அத்தை."

"என்னம்மா நீ, நீதானே அன்னைக்கு அவ்வளவு பிடிவாதமா..."

"பிடிவாதம் இப்பவும் அதேதான். பிள்ளை வேணும்னுதான் ரெண்டு வாரம் கேட்டேன். நாளைக்கு அது பொறந்தா, அதுக்கு அம்மா வேணாமா?"

மாமியார் முந்தானையால் அவள் காதோரக் கண்ணீரைத் துடைத்தார். அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ரத்த டாக்டருக்குப் போன் போடுங்க. நாளைக்குக் காலையிலயே வர்றோம்னு சொல்லுங்க."