மஞ்சள் தண்ணீர் சிவந்தபோது

போன வருடம் என் மகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. லிங்கராஜபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தா, குறி சொல்லும் ஓர் அம்மாளை அழைத்து வந்தாள். அவர் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து, உறவுக்காரர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தம் விட்டார். என் ஓரகத்தி கமலாவின் பெயருக்கு மட்டும் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

“சூனியம் வெச்சது அவதாம்மா,” என்றார். அன்றோடு கமலாவை வீட்டுப் படி ஏற விடவில்லை.

சென்ற மாதம் தங்கை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்தேன். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் அதே சிவப்பு! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் அதன் அமிலத்தில் மறுபடி மஞ்சளாகும் என்று மகள் செய்தே காட்டினாள்.

வசந்தாவிடம் ஓடினேன். “அது சுண்ணாம்புத் தண்ணின்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். எந்தப் பேருக்கு அதை ஊத்தணும்னு சொன்னதே நான்தான். எப்பப் பாரு கமலா, கமலான்னு அவகூடவே சுத்திட்டிருந்தே இல்ல?”

கமலாவை நானே போய்க் கூட்டி வந்தேன். இப்போது யார் தீர்த்தம் கொண்டுவந்தாலும், முதல் சொட்டை நான் கரைத்த மஞ்சளில் விடச் சொல்கிறேன். சிவந்த தண்ணீருக்கு எலுமிச்சை இருக்கிறது. இத்தனை வருடம் என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்த வசந்தாவுக்கு எதைப் பிழிவது?