கீரை தின்னாத தவளைகள்

மாமல்லபுரம் ஓட்டல் கார் நிறுத்தத்தில் மழையில் நனைந்த கல்தூள் வாசனை அடித்ததும், முன்பு அதே இடத்தில் இருந்த அப்பாவின் சிற்பப் பட்டறையும், யாரும் வாங்காத கல்தொட்டியும், அதில் பாசியை மேய்ந்துகொண்டே இருந்த தலைப்பிரட்டைகளும் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றுக்குச் செல்வி அக்கா தினமும் கீரை அவித்துப் போடுவாள். கால் முளைத்ததும் கீரையை அவை சீண்டவே இல்லை.

"இன்னாடா இது, பட்டினியா சாவப்போவுது," என்று அக்காவும் சோற்றைத் தொடவில்லை. சில நாளில் தொட்டி காலி. அழுது ஓய்ந்து குளிக்கப் போனவள் அலறிக்கொண்டு திரும்பினாள். குளியலறை விளக்கடியில் குட்டித் தவளைகள் வரிசையாக உட்கார்ந்து கொசு பிடித்துக்கொண்டிருந்தன.

"நீ வளத்த புள்ளைங்கதானடி, ஓரமா நின்னு குளி," என்றாள் அம்மா.

அந்த மழைக்காலம் முழுக்க அக்கா பக்கத்து வீட்டில்தான் குளித்தாள்.